மணநாளன்று ஒரு பட்டணப் பயணம்

நம் இல்லங்களில் பிறந்த நாளுக்குத் தின்பண்டம் உண்டு. பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு வாழ்த்து உண்டு. இறந்தோர் நினைவு நாளுக்குப் பூசை உண்டு. கணவனும் மனைவியும் கைப்பிடித்த நாளுக்கு மட்டும் பெரும்பாலும் தனிச் சிறப்பு ஏதும் இருப்பதில்லை. இருபத்தைந்தாம் ஆண்டு வந்தால் வெள்ளி விழா என்று பிள்ளைகள் பந்தலிடுவர். ஐம்பதாம் ஆண்டில் பேரப்பிள்ளைகள் மாலை சூட்டி மகிழ்வர். வெள்ளி விழாவுக்கு முந்திய இருபத்துநான்கு மணநாள்களும், காலையில் ஒரு பூசை, மதியம் சற்றே பாயசம் என்ற அளவில் ஓசையின்றிக் கழிந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் கணவனும் மனைவியும் மட்டுமாகச் சென்னைப் பட்டணத்திற்குச் சென்று, ஒரு பகற்பொழுதை அங்கே கழித்து மீண்டால் என்ன? சின்ன காஞ்சிபுரத்தில் வாழும் நம் குடும்பங்களை மனத்திற்கொண்டு இக்கேள்வியை எழுப்புகிறோம்.

கேட்டவுடனே எழும் மறுப்புகளை நாம் அறியாமல் இல்லை. "பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றவர்கள் ஊர் சுற்றுவதா?" என்பர் வீட்டுப் பெரியவர்கள். "தறி ஒரு நாள் நின்றால் கூலி யார் தருவார்?" என்பார் கணவர். "இந்த வயசுல என்னங்க இதெல்லாம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார் மனைவி, திருப்பிக்கொண்ட முகத்தில் சிரிப்பு இருக்கும் என்பது வேறு. இம்மறுப்புகளுள் நடுவில் நிற்பதே மெய்யாகக் கனமுடையது. அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பட்டு நெசவில் கூலி நாட்கணக்கில் இல்லை, சேலைக் கணக்கில். தறி நின்ற நாளுக்கு ஈடு செய்வார் எவருமிலர். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்குச் சரக்கு வேண்டுமென்று கடைக்காரர்கள் விரட்டுவார்கள். தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும் விலக்கி வைக்கப்படும் நம் திருமணங்களும் பெரும்பாலும் அம்மாதங்களிலேயே அமைந்துவிடுகின்றன. ஆக, பிறர் மணநாளுக்குச் சேலை நெய்து தருபவர்க்குத் தம் மணநாளன்று கை ஓய்வதில்லை.

இதற்கு நாம் காணும் வழி எளியது. தேதியைப் பார்க்க வேண்டா, பாவைப் பாருங்கள். ஒரு பாவு நெய்து தீர்ந்து, சேலைகளை அறுத்துக் கொடுத்தபின், புதுப் பாவை இழை இழையாகப் பழையதோடு பிணைத்து முடிக்கும்வரை தறி எப்படியும் நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். மணநாளன்று காலைப் பூசையில் நன்றி செலுத்திவிட்டுப் பயணத்தைப் பத்து நாள் தள்ளி வைப்பதால் அன்பு குறைந்துவிடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை தானே நின்றுபோகும் நாள்களும் உண்டு. ஆயினும் அவை கடற்கரைக்கு ஏற்ற நாள்கள் ஆகா. வைகாசிப் பெருவிழாவின் கருட சேவை நாளையும் விலக்கிவிடுக. விடியுமுன்னரே சின்ன காஞ்சிபுரத்து வீதிகளில் மக்கள் வெள்ளம் புகுந்துவிடும். அன்று பேருந்து நிலையத்தை அடைவதே ஒரு பயணம். 2019ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அத்திவரதர் தரிசனம் நிகழ்ந்த 48 நாள்களையும் இவ்வூரில் இருந்து கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தறியை நிறுத்த வழி கிடைத்தது. ஆனால் அடுத்த கேள்வி இதனினும் கூர்மையானது. நாள் முழுவதும் ஒரே தறியில், ஒரு முழத் தொலைவில் அமர்ந்திருக்கும் இருவர்க்குத் தனியாக ஒரு பயணம் எதற்கு?

வெளியூர் வாசகர்க்காகச் சிறிது விளக்குவோம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலுக்கு ஒன்றும் இருபுறக் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அகலம் முழுவதையும் ஒருவரே ஆள்வது அரிதாகையால், மறுபுறக் கரைக்கு நாடா வாங்கித் தர இன்னொருவர் பக்கத்தில் அமர்வார். முற்காலத்தில் சிறுவர்களை அமர்த்தினர். இன்று பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவியே. ஒரு கை விட, மறு கை வாங்க, நாள்தோறும் பல்லாயிரம் முறை அவர்களுக்கிடையே நாடா சென்று வருகிறது. ஆனால் சொல் செல்வதில்லை. "இழை அறுந்தது", "சரிகை தீர்ந்தது", "பார்த்து வாங்கு" என்பன போன்ற சொற்களைப் பேச்சு என்று நாம் கொள்ள மாட்டோம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு மீதியிருக்கிறது, மகளை மேற்படிப்புக்கு அனுப்புவதா, தறியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதா என்பன போன்றவை தறியின்மேல் பேசக்கூடியவை அல்ல. இரவிலோ, அடுத்த அறையில் பெற்றோர் உறங்குகின்றனர். பக்கத்திலேயே பிள்ளைகள் படுத்திருக்கின்றனர். அவ்வாறு ஒத்திப்போடப்பட்ட பேச்சு, ஆண்டுகள் செல்லச் செல்லப் பேசவே இயலாததாகிவிடுகிறது.

தறியை விட்டவர்களின் நிலை வேறு வகை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளுக்கு இவ்வூரிலிருந்து நாள்தோறும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் புறப்படுகின்றன. கணவருக்கு ஒரு வாரம் பகல் முறை, மறு வாரம் இரவு முறை. அவர் உறங்க வரும் நேரத்தில் மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். ஒரு வீட்டில் வாழ்கின்றனர் என்பதைவிட, ஒரு வாசலில் மாறி மாறிச் சந்தித்துக்கொள்கின்றனர் என்பதே பொருந்தும்.

இவ்விரு வகைத் தம்பதியர்க்கும் பட்டணம் தரக்கூடிய பெரும்பரிசு ஒன்றுண்டு. அது அங்குள்ள மாடமாளிகைகளில் இல்லை. அங்கே உங்களை எவரும் அறியார் என்பதே அப்பரிசு. நம் தெருவில் கணவன் நான்கடி முன்னே நடப்பான். மனைவி பின்னே வருவாள். ஒன்றாக நடந்தால் திண்ணைக்குத் திண்ணை கண்கள் தொடரும். பட்டணத்துக் கூட்டத்தில் இருவரும் தோளோடு தோள் நடக்கலாம். சாலையைக் கடக்கும்போது கையைப் பற்றிக்கொள்ளலாம். ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை இருவர் பங்கிட்டு உண்ணலாம். திரும்பிப் பார்ப்பார் ஒருவருமிலர். இருபது ஆண்டு இல்லறம் நடத்திய பின்னர் முதன்முதலாக மனைவியின் கையைப் பொதுவிடத்தில் பற்றுவதென்பது சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

புனிதர் நிலைக்கு ஒருங்கே உயர்த்தப்பட்ட ஒரு தம்பதியரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோரான லூயி மார்ட்டினும் செலியும் பிரான்சு நாட்டு அலான்சோன் நகரத்தவர். 1858ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று மணம் புரிந்தவர்கள். செலி அம்மையார் அந்நகருக்குப் புகழ் தந்த நுண்ணிய பின்னல் வேலையில் கைதேர்ந்தவர். பெண்களுக்கு வேலை பகிர்ந்தளித்து, அவர்கள் செய்து தந்த துண்டுகளைத் தாமே இணைத்துத் தொழில் நடத்தினார். கடிகாரம் பழுதுபார்த்து வந்த கணவர், 1870இல் தம் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்தார். காஞ்சிபுரத்தார்க்கு இவ்வாழ்க்கை புதிதாகத் தோன்றாது. நூலும் கணக்கும் வேலை வாங்குவோரின் அவசரமும் நிறைந்த வீடு. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த வீடு. 1873இல் செலி அம்மையார் பிள்ளைகளுடன் தம் உடன்பிறந்தாரைக் காண லிசியே நகருக்குச் சென்றார். உறவினர் மகிழ்வூட்ட எவ்வளவோ முயன்றனர். ஆனால் கணவர் உடனில்லாத அப்பயணத்தில் தமக்கு எதுவும் சுவைக்கவில்லையென்றும், நீரைவிட்டு எடுக்கப்பட்ட மீன் போலத் தாம் இருப்பதாகவும் அவர் கணவருக்கு எழுதினார். திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் கடந்தபின் ஒரு மனைவி எழுதிய கடிதம் அது. நான்கு ஆண்டுகளில் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவர்கள் இருவரையும் ஒரே திருச்சடங்கில் புனிதராக உயர்த்தினார்.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மாமியார்க்கு இதனை மருமகள் சொல்லக் கூடாது. மகனே சொல்ல வேண்டும். "அம்மா, நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் சென்னைக்குப் போய் வரோம்" என்று காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நன்று. ஆசுபத்திரி என்றும் துக்க வீடு என்றும் பொய் சொல்லிப் புறப்பட்டால் நாள் முழுதும் அந்தப் பொய் உடன் வரும். பணத்தைப் பொறுத்தவரை, வாரந்தோறும் சிறு தொகையைச் சேர்த்து வைப்பதே உகந்தது. நெருங்கிய உறவினர் திருமணத்தில் எழுதும் மொய்ப் பணத்துக்குள் இப்பயணத்தை முடித்துவிடலாம். கடன் வாங்கிச் செல்வதைவிடச் செல்லாதிருப்பதே மேல்.

என்ன உடுத்துவது? இதில் நம் கருத்து உறுதியானது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்து தரும் வீடுகளில், பெண்கள் நாள்தோறும் உடுத்துவது விலைகுறைந்த செயற்கை இழைச் சேலை. முகூர்த்தப் பட்டு, அடகுக்குப் போகாமல் இருந்தால், பெட்டியின் அடியில் கிடக்கும். அன்று அதனை எடுத்து உடுத்துங்கள். இரயிலில் கசங்கும் என்பீர்கள், கசங்கட்டும். மடிப்பு மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் வைத்தால், அந்த மடிப்பிலேயே பட்டு இற்றுப்போகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா?

சாலை வழியாகச் சென்றால் சென்னை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பேருந்துகள் மிகுதி, ஆனால் எந்தப் பேருந்து பட்டணத்தில் எந்த நிலையத்தில் நிற்கும் என்பதை முன்னாளே கேட்டறிவது நலம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது முதல் பழைய பழக்கத்தை நம்பிச் சென்று தடுமாறியவர் பலர். நாம் இரயிலையே பரிந்துரைப்போம். காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு, தாம்பரம் வழியாகச் சென்னைக் கடற்கரை வரை செல்லும் மின்வண்டிகள் எண்ணிக்கையிற் குறைவு, நேரமும் கூடுதல். ஆயின் கட்டணம் சிறிது. அதைவிட, இருவரும் அருகருகே அமர்ந்து, சன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி விரிந்து கிடப்பதைக் கண்டுகொண்டு செல்லலாம். பயணத்தின் பாதி மகிழ்ச்சி அவ்விடத்திலேயே கிடைத்துவிடும். நேர்வண்டி கிடைக்காவிடில் செங்கற்பட்டு வரை பேருந்தில் சென்று அங்கே மின்வண்டி ஏறலாம்.

பட்டணம் சென்றோர் செய்யும் பெரும்பிழை, ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்த்துவிட முயல்வது. உயிர்க் காட்சிசாலை, பாம்புப் பண்ணை, கோட்டை, கடைவீதி என்று ஓடி, மாலையில் கால் வீங்கி, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்து திரும்புவோர் உளர். மூன்று இடங்கள் போதும். மூன்றும் அந்த இருப்புப்பாதையை ஒட்டியே அமைந்தால் அலைச்சலும் இல்லை.

முதலாவதாகப் பரங்கிமலை. அப்பெயருடைய நிலையத்திலேயே இறங்கலாம். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள இம்மலையில் திருத்தூதர் புனித தோமையார் இரத்தஞ் சிந்தினார் என்பது தொன்மரபு. 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயமும், 1547இல் கண்டெடுக்கப்பட்ட, பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையும் அங்கே உள்ளன. 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இம்மலைக்கு வந்தார். மலையேறும் கற்படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைத்துத் தந்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். குழித்தறியில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து முழங்கால் நோகிறவர்கள் படியேறித் தவம் செய்ய வேண்டியதில்லை. வண்டிப்பாதையில் ஆட்டோ மேலே வரை செல்லும். ஆலயத்தில் இருவரும் சேர்ந்து சிறிது நேரம் முழந்தாளிடுங்கள். பின்னர் வெளியே மரநிழலில் நின்று கீழே பாருங்கள். மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். கர்னல் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியாவை அளக்கத் தொடங்கியது இம்மலையடியிலேதான். முழக்கணக்கில் வாழும் நெசவாளர்க்கு அச்செய்தி சுவையாக இருக்கக்கூடும்.

வெயில் ஏறியவுடன் மீண்டும் மின்வண்டி. இறங்க வேண்டிய இடம் எழும்பூர். நிலையத்துக்கு அண்மையில், 1851இல் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகம் உள்ளது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள். முழுவதையும் பார்க்கப் புகுந்தால் நாள் போதாது. செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்துக்கு நேரே செல்லுங்கள். திருவெண்காட்டில் கிடைத்த பதினோராம் நூற்றாண்டு அர்த்தநாரி வடிவத்தின் முன்னே நின்று, ஒரு பாதி ஆணும் ஒரு பாதி பெண்ணுமாக ஓருடல் எவ்வாறு இயைகிறது என்பதைக் காணுங்கள். சமயம் எதுவாயினும், இல்லறத்தார் நின்று பார்க்க வேண்டிய சிற்பம் அது. ஆண் பாதியின் இடை ஒரு வளைவு, பெண் பாதியின் இடை வேறு வளைவு. சேருமிடம் கண்ணுக்கு உறுத்தவில்லை. கோர்வை போட்டுப் பழகிய கண்ணுக்கு இதன் அருமை மற்றவரைவிட நன்கு புலப்படும் என்று நம்புகிறோம்.

பட்டணம் வரை வந்து தியாகராய நகர்க் கடைவீதியைப் பார்க்காமல் திரும்புவதா என்று கேட்போர் உண்டு. நாம் வேண்டா என்றே சொல்வோம். கடைவீதிக்குள் நுழைந்தவுடன் பிள்ளைகளுக்கு, நாத்தனாருக்கு, அண்டை வீட்டாருக்கு என்று பட்டியல் நீளும். இருவருக்கான நாள் எல்லோருக்கும் பங்காகிவிடும். ஒன்றுக்கு மட்டும் விலக்களிக்கலாம். 1928இல் நல்லி சின்னசாமிச் செட்டியார் கடை தொடங்கியது முதல், காஞ்சிபுரத்துத் தறிகளிலிருந்து பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் பட்டு சென்றுகொண்டே இருக்கிறது. தம் கையால் நெய்தது போன்றதொரு சேலையைக் கண்ணாடிக்குப் பின்னே விளக்கொளியில் காண வேண்டுமென்று மனைவி விரும்பினால், அழைத்துச் சென்று காட்டுங்கள். அச்சேலையில் தொங்கும் விலைச் சீட்டைக் காணும்போது இருவர்க்கும் எழும் எண்ணத்தை நாம் எழுத வேண்டியதில்லை. ஆனால் அதனையும் அன்றே பேசிவிடுங்கள். கூலியைப் பற்றி, கூட்டுறவுச் சங்கத்தில் சேர்வதைப் பற்றி, தறி இன்னும் எத்தனை நாள் என்பதைப் பற்றி.

மாலைக்கு உரியது கடல். எழும்பூரிலிருந்து பூங்கா நிலையம் வந்து, எதிரேயுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் இரயில் ஏறினால் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கம் நிலையத்திலோ இறங்கலாம். பேருந்தை நாடினால், 2021 மே மாதம் கொணரப்பட்ட ஏற்பாட்டின்படி சாதாரண நகரப் பேருந்தில் மனைவியார்க்குக் கட்டணமில்லை. சீட்டு வாங்குபவர் கணவர் மட்டுமே. வீட்டில் அவ்வளவாக வாய்க்காத சலுகை!

திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடைபெற்றுவரும் இரத்னா கபே, இட்டலியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவதற்குப் பெயர்பெற்றது. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோவில் இட்டலியை உலகுக்குத் தந்த காஞ்சிபுரத்தார் பட்டணம் போய் இட்டலி உண்பதா என்று ஊர்ப்பற்று தடுக்கலாம். எது எப்படியாயினும், அன்று ஒரு வேளை மனைவி அமர்ந்திருக்க, வேறொருவர் வந்து பரிமாற வேண்டும். அவர் விரும்பியதை அவரே சொல்லி வரவழைக்கட்டும். "உங்களுக்கு எதுவோ, எனக்கும் அதுவே" என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடற்கரையின் வட கோடியில், நெசவாளர் மரபில் காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்து 1969இல் மறைந்த அறிஞர் அண்ணா துயில்கின்றார். தென்புறத்தில் சாந்தோம் பேராலயம். போர்த்துகீசியர் கட்டிய பழைய கோவில் இருந்த இடத்தில் 1896இல் எழுந்த இன்றைய ஆலயம், 1956இல் இளம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. இரண்டையும் நடந்தே பார்க்க முயல வேண்டா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் மணலில் அமருங்கள். நம் கடல் கிழக்குக் கடலாகையால் கதிரவன் முதுகுப்புறம் மறைவான்; மாலையில் நிழல் முன்னே நீண்டு அலை வரை செல்லும். முழுநிலா நாளாக அமைந்தால் பொழுது சாயும் வேளையில் நிலவு நீரிலிருந்தே எழும். மாங்காயும் தேங்காயும் கலந்த பட்டாணிச் சுண்டல் வரும், வாங்குங்கள். அலையில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்கடலில் குளிக்க இறங்கி உயிரிழந்தோர் பலர்.

அங்கேதான் பேச்சு. கைபேசியை மதியம் ஒரு முறை வீட்டுக்குப் பேசியபின் பைக்குள் வைத்துவிட்டிருப்பீர்கள் என்று கொள்கிறோம். தொடங்குவது எவ்வாறு? 1962ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில் கபிரியேல் கால்வோ என்னும் குருவானவர் தம்பதியர்க்கென ஒரு முயற்சியைத் தொடங்கினார். பின்னர் உலகெங்கும் பரவிய தம்பதியர் சந்திப்பு இயக்கத்திற்கு அதுவே வித்து. அவ்வியக்கத்தார் கையாளும் முறை மிக எளியது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதுவர். பின்னர் தாள்களை மாற்றிப் படிப்பர். அதன் பின்னரே பேசுவர். எதிரே இருப்பவர் குறுக்கிடாமல் ஒருவர் தம் மனத்தை முழுவதும் சொல்லி முடிக்க இதனைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை. முன்னிரவே வீட்டில் எழுதி மடித்து எடுத்துச் செல்லலாம். எழுதிப் பழகாதவர்கள், கால் மணி நேரம் ஒருவர், கால் மணி நேரம் மற்றவர் என்று முறைவைத்துப் பேசலாம். கேள்வி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. "இந்த ஆண்டில் நான் செய்தவற்றுள் உனக்கு எது இதமாக இருந்தது? எது வலித்தது?" என்பது போதும்.

கணவர்மார்க்கு ஒரு சொல். மறைத்து வைத்த கடன் இருந்தால் இம்மணலில் சொல்லிவிடுங்கள். மனைவி அழலாம். அழுது முடிக்கும்வரை அருகே அமர்ந்திருக்க அன்று உங்களுக்கு நேரமிருக்கும். தறியில் அது இருக்காது. மனைவிமார்க்கும் ஒரு சொல். உடம்பில் மறைத்துக்கொண்டிருக்கும் நோவைச் சொல்லுங்கள். செலி அம்மையாரும் தம் மார்பில் கட்டி இருந்ததை நெடுங்காலம் பொருட்படுத்தாமல் தொழிலைப் பார்த்தவர். மருத்துவரிடம் சென்றபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு அன்று நள்ளிரவுப் பேருந்து காத்திருக்கக்கூடும். ஆகவே இரவு எட்டு மணிக்குமுன் மணலைவிட்டு எழுந்துவிடுவது நலம். காஞ்சிபுரம் செல்லும் கடைசி வண்டியின் நேரத்தைக் காலையிலேயே நிலையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினாலும் செங்கற்பட்டு வரை மின்வண்டிகள் உண்டு. அங்கிருந்து ஊர் இன்னும் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். அந்நேரத்தில் பேருந்துக்கு நிற்பது அலுப்பு. பட்டுடுத்திய மனைவியோடு நிற்பது கவலையும்கூட. பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்க மறந்தாலும் மாமியாருக்கு ஏதேனும் ஒன்று வாங்கி வர மறவாதீர்கள். அடுத்த ஆண்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவரே.